வினாவும் விடையும்: சொல்லரங்கில் ஓர் அறம்



மகாவீரர் ஜெயந்தியை ஒட்டி நம்மவர் ஊர் ஒன்றில் நடைபெற்ற மாணவர் சொற்போருக்கு நடுவராக இருக்குமாறு எம்மை அழைத்திருந்தனர். பிள்ளைகள் எழுதி மனனம் செய்து வந்த உரைகளைத் தடையின்றிப் பொழிந்தனர். சொல்வளத்திற்கும் குறைவில்லை, குரல்வளத்திற்கும் குறைவில்லை. உரைகள் முடிந்து, ஓரணியினர் மற்றோரணியினரை வினவலாம் என்று யாம் மணியடித்ததும் அரங்கின் நிலை மாறிற்று. வினவ எழுந்த சிறுவன் வினாவை விட்டுவிட்டு இன்னுமொரு சொற்பொழிவு ஆற்றினான். விடைகூற எழுந்த சிறுமி, கேட்டதை விடுத்துக் கேளாததற்கு விடை கூறினாள். மூன்றாமவன், ‘உனக்கு என்ன தெரியும்?’ என்று உரக்கக் கேட்டான். அவையோர் மகிழ்ந்து கைதட்டினர். அந்தக் கைதட்டலே எமக்குக் கவலை தந்தது.

குற்றம் பிள்ளைகளுடையது அன்று. பல்லாண்டுகள் பள்ளியிலும், பின்னர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலும் பணியாற்றிய யாம் இதனை ஒப்புக்கொள்ளவே வேண்டும். பிள்ளைகளுக்குப் பேசக் கற்பித்த அளவிற்கு நாம் வினவக் கற்பிக்கவில்லை. கேட்ட வினாவிற்கு நேர்மையாக விடை கூறவும் கற்பிக்கவில்லை. இத்தனைக்கும் அக்கல்வி நம் வீட்டுச் சொத்து. நம் புராணங்கள் ஒரு வினாவிலிருந்தே பிறக்கின்றன. மகத மன்னன் சிரேணிகன் பணிந்து வினவுகிறான். கௌதம கணதரர் விடை பகர்கிறார். அவ்விடையே புராணமாக விரிகிறது. வினவியவன் அரசன் ஆயினும் அவன் வினாவில் செருக்கு இல்லை. விடை பகர்ந்தவர் கணதரர் ஆயினும் அவர் விடையில் ஏளனம் இல்லை. இவ்விரண்டையும் நினைவிற் கொண்டு பாடத்தினுள் புகுவோம்.

வினா ஆறு

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயத்துச் சான்றோர் என்பதை யாவரும் அறிவோம். சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டுகோளால் 13-ஆம் நூற்றாண்டளவில் அவர் அந்நூலை இயற்றினார். தேர்வுக்காக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் பகுதிகளுள் ஒன்று, அதில் வினா, விடை ஆகியவற்றைப் பாகுபடுத்தும் இடம். அதனைச் சொல்லரங்கில் வைத்துப் பார்த்தால் அதன் பயன் விளங்கும்.

வினா ஆறு வகைப்படும்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடையை அறிந்த ஆசிரியர் மாணவனிடம் பொருள் கேட்பது அறிவினா. அறியாத மாணவன் ஆசிரியரிடம் கேட்பது அறியா வினா. அரையிருளில் கிடப்பது கயிறோ பாம்போ என்பது ஐய வினா. கடைக்காரரிடம் ‘பயறு இருக்கிறதா?’ என்பது பெறுதற்பொருட்டுக் கேட்பதாதலின் கொளல் வினா. ‘தம்பிக்கு உடுக்க ஆடை இல்லையா?’ என்பது தருதற்பொருட்டுக் கேட்பதாதலின் கொடை வினா. ‘பாடம் படித்தாயா?’ என்று தாய் கேட்பது, படி என்னும் பொருளுடையதாதலின் ஏவல் வினா.

சொற்போரில் இவ்வாறும் பயன்படும். எதிரணியினர் ஒரு சொல்லைத் தெளிவில்லாமல் ஆண்டால், ‘வளர்ச்சி என்று நீங்கள் கூறியது எதனை?’ என்று கேட்பது அறியா வினா. இஃது எளிய வினாவாயினும் பல நேரங்களில் வாதத்தின் முடிவை இதுவே தீர்மானிக்கும். சொல்லின் பொருள் வரையறுக்கப்படாத வாதம் கரையில்லாத குளம் போன்றது. ‘நீங்கள் கூறியது நகரங்களுக்கு மட்டுமா, சிற்றூர்களுக்குமா?’ என்பது ஐய வினா. ‘அக்கணக்கு எந்த ஆண்டினது?’ என்பது கொளல் வினா; சான்றைக் கேட்டுப் பெறுகிறோம். ‘முதல் உரையில் ஒன்று கூறினீர்கள், இரண்டாம் உரையில் வேறொன்று கூறினீர்கள், இரண்டனுள் எதனைக் கொள்ளலாம்?’ என்பது, பணிவுடன் கேட்கப்படின், கொடை வினா. எதிராளிக்குத் தம்மைத் திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பை அங்கே ஈகிறோம். இவ்வினாவையே ஏளனக் குரலில் கேட்டால் அது கொடை ஆகாது, அடியாகும். சொல் ஒன்றே, கேட்போன் உள்ளம் வேறு.

பிள்ளைகள் பெரிதும் தவறுவது அறிவினாவில். விடையைத் தாம் அறிந்திருந்தும் அறியார் போலக் கேட்டு, எதிராளி தடுமாறுவதைக் கண்டு மகிழ்வர். ஆசிரியர் கேட்கும் அறிவினா மாணவனை மேலே தூக்குவதற்கு. சொல்லரங்கில் கேட்கும் அறிவினாவும் இருவர்க்கும் உடன்பாடான ஓர் உண்மையை அவைமுன் நிறுத்துவதற்கே இருத்தல் வேண்டும். வீழ்த்தும் குழியாக அன்று.

விடை எட்டு

விடைகளை எட்டாக வகுத்தனர். ‘காஞ்சிக்கு வழி யாது?’ என்பார்க்கு ‘இதுவே’ என்பது சுட்டு. ‘இதனைச் செய்வாயா?’ என்னும் ஒரே வினாவைக் கொண்டு மற்றவற்றுள் ஆறனைக் காட்டலாம். ‘செய்யேன்’ என்பது மறை. ‘செய்வேன்’ என்பது நேர். ‘நீயே செய்’ என்பது ஏவல். ‘செய்யாமல் இருப்பேனா?’ என்பது வினா எதிர் வினாதல். ‘கை வலிக்கிறது’ என்பது உற்றது உரைத்தல். ‘கை வலிக்கும்’ என்பது உறுவது கூறல். எஞ்சிய ஒன்று, ‘ஆடுவாயா?’ என்பார்க்குப் ‘பாடுவேன்’ என்று இனமான பிறிதொன்றைக் கூறும் இனமொழி.

இவற்றுள் முதல் மூன்றும் நேரே விடையாவன. பின்னைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. இப்பாகுபாட்டில் சொற்போர் செய்வார்க்கு ஓர் எச்சரிக்கை அடங்கியுள்ளது. ‘ஆம்’ அல்லது ‘அன்று’ என்று கூறத்தக்க வினாவிற்கு முதலில் அதனைக் கூறிவிட்டுப் பின்னர்க் காரணத்தை விளக்குவதே அவையின் நம்பிக்கையைப் பெறும் வழி. குறிப்பு விடைகள் அழகுடையன. ஆயினும் அவற்றுள் ஒளிந்துகொள்ள இடம் உண்டு. சிறப்பாக இனமொழி. ‘உங்கள் திட்டத்திற்குப் பணம் எங்கிருந்து வரும்?’ என்று கேட்டால், ‘எங்கள் திட்டம் ஏழைகளுக்கு நன்மை தரும்’ என்பது இனமொழி. நன்மை தரலாம், ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்பது அறியப்படவில்லை. அவையில் ஒரு முதியவராவது அதனைக் கவனிப்பார்.

நால்வகை மறுமொழியும் நம் அநேகாந்தமும்

பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையின் இறுதிப் பகுதியில் விடைகூறும் முறைகள் நான்கு சொல்லப்பட்டுள்ளன. பிற சமய நூலாயினும் நல்லது எங்கிருப்பினும் கொள்வது நம் மரபு. துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை என்பன அந்நான்கு.

தோன்றியது அழியுமா என்றால் அழியும் என்று உறுதியாகக் கூறுவது முதலாவது. இறந்தவன் மீண்டும் பிறப்பானா என்றால், பற்று அற்றவனைக் கேட்கிறாயா, பற்றுடையவனைக் கேட்கிறாயா என்று பகுத்துக் கூறுவது இரண்டாவது. பனங்கொட்டை முந்தியதா, பனை முந்தியதா என்றால், எந்தக் கொட்டைக்கு எந்தப் பனை என்று திருப்பிக் கேட்பது மூன்றாவது. ஆகாயத்தில் பூத்த மலர் பழையதா புதியதா என்றால் மௌனம் காப்பது நான்காவது. இல்லாத பூவிற்குப் பழமையும் இல்லை, புதுமையும் இல்லை.

இவற்றுள் கூறிட்டு மொழிதலை அதன் எல்லை வரை வளர்த்தெடுத்தது நம் சமயம். குடம் உண்டா என்று வினவினால், மண் என்னும் பொருளால், இவ்விடத்தில், இக்காலத்தில், இத்தன்மையால் உண்டு. பொன் என்னும் பொருளால், பிறிதோர் இடத்தில், பிறிதொரு காலத்தில், பிறிதொரு தன்மையால் இல்லை என்று திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கினாலும் வரையறுத்து விடை கூறினர். அவ்விடை ஏழு பங்கங்களாக விரிவது ஸ்யாத்வாதம்.

இங்கே ஒரு பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டும். ஸ்யாத்வாதம் என்றால் எல்லாவற்றிற்கும் ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்று மழுப்புவது என நம் இளைஞரிற் சிலரும் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. ‘ஸ்யாத்’ என்பது ஐயத்தைக் குறிக்கும் சொல் அன்று; ‘இந்நோக்கில்’ என்னும் வரையறையைக் குறிப்பது. இந்நோக்கில் உண்டு என்று கூறுபவன் அந்நோக்கில் உறுதியாகவே கூறுகிறான். நோக்கைச் சொல்லாமல் மழுப்புபவன் அநேகாந்தி அல்லன், விடை அறியாதவன். அறியாதவன் ‘அறியேன்’ என்று கூறுவதே தகும்.

பழைய வாதங்கள் இரண்டு

‘அறியேன்’ என்னும் சொல்லின் பெருமைக்குப் பௌத்தரின் பாலி உரைகளில் ஒரு கதை உண்டு. பத்திரா குண்டலகேசி என்பாள் முதலில் நிக்கந்த சங்கத்தில், அதாவது நம் சமயத் துறவியரிடையே இருந்து வாதக்கலை பயின்றவள். செல்லும் ஊர்தோறும் மணற்குவியலில் ஒரு நாவற்கிளையை நட்டு, தன்னோடு வாதிட வல்லார் அதனை மிதிக்கலாம் என்று அறிவிப்பாள். சாவத்தி நகரில் சாரிபுத்தர் அதனை மிதிக்கச் செய்தார். அவள் கேட்ட வினாக்கள் அனைத்திற்கும் அவர் விடை கூறினார். பின்னர் அவர் கேட்டது ஒரே வினா: ‘ஒன்று என்பது யாது?’ அவள் சிந்தித்துப் பார்த்து, அறியேன் என்றாள், கற்றுக்கொள்ள விரும்பினாள்.

அக்கதையின் சமயச் சார்பு நமக்கு உடன்பாடு அன்று. அதற்கு மறுமொழியாகவே நம் முன்னோர் நீலகேசியை யாத்தனர். எனினும் வாத முறை பயில்வோர்க்கு அதில் இரண்டு பாடங்கள் உள. நீண்ட வினாக்கள் பலவற்றைவிடக் குறுகிய வினா ஒன்று ஆழமாகச் செல்லும் என்பது ஒன்று. கேட்பதற்கு மட்டும் பயின்றவர் கேட்கப்படும்போது நிலைகுலைவர் என்பது மற்றொன்று.

நீலகேசியில் முதற்கண் நிகழும் வெற்றி வாதத்தால் வந்ததன்று என்பதைக் கவனிக்க வேண்டும். அச்சுறுத்த வந்த பேய் வடிவினள் முன்னே முனிச்சந்திர முனிவர் கலங்காது வீற்றிருந்தார். அவள் அடங்கிய பின்னரே அறவுரை பகர்ந்தார். அவ்வறத்தை ஏற்ற பின்னரே அவள் குண்டலகேசி, அருக்கசந்திரன், மொக்கலன், புத்தர் முதலியோருடனும், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி ஆகியோருடனும் வாதிடச் செல்கிறாள். எதிராளி தம் கொள்கையை எடுத்துரைக்க, அதனைக் கூறுகூறாக எடுத்து வினவுவது அந்நூலின் போக்கு. நன்னூலார் கூறும் எழுவகை மதங்களுள், பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின்னர்க் களைதல் என்பது இதுவே. எதிராளியின் கருத்தை அவரே ‘ஆம், இதுதான் எம் கருத்து’ என்று ஒப்பும்படி எடுத்துரைக்க இயலாதவன் அதனை மறுக்கும் தகுதி பெறான். நீலகேசியில் ஏளனச் சொற்களும் ஆங்காங்கே உள. அக்காலத்து வாதப்போரின் சூடு அது. நாம் முறையைக் கொள்வோம், சூட்டை விடுவோம்.

இரண்டாவது, அகளங்க தேவரின் வாதம். இமசீதள மன்னன் அவையில் அவர் பௌத்தரோடு வாதிட்ட செய்தி சிரவணபெளகுளக் கல்வெட்டிலும் இடம்பெற்றுள்ளது. மரபுக் கதை கூறுவது இது: திரைக்குப் பின்னால் ஒரு குடத்தில் தாராதேவியை எழுந்தருளுவித்து, அத்தேவியே விடை கூறும்படி செய்தனர், வாதம் நாள்கணக்கில் நீண்டது. அப்போது அகளங்கர் புதிய வினா எதனையும் கேட்கவில்லை. சற்று முன் கூறியதனை மீண்டும் கூறுக என்றார். திரைக்குப் பின்னிருந்து மறுமொழி வரவில்லை. வஞ்சனை வெளிப்பட்டது.

கதையின் தெய்விகப் பகுதியை அவரவர் நம்பிக்கைக்கு விடுவோம். அதன் வினா இலக்கணம் எல்லார்க்கும் உரியது. மனனம் செய்த சொல்லை ஒருமுறை ஒப்பிக்கலாம். உணர்ந்த பொருளை மட்டுமே வேறு சொற்களால் மீண்டும் கூறலாம். ‘நீங்கள் கூறியதை இன்னொரு முறை எளிமையாகக் கூறுவீர்களா?’ என்னும் வினாவினும் மென்மையானதும் இல்லை, கூர்மையானதும் இல்லை.

எம் பிழை ஒன்று

இவ்வளவும் எழுதும் எமக்கு இதனை மறைத்துச் செல்ல மனம் வரவில்லை.

1984-ஆம் ஆண்டு, யாம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தபோது, பள்ளிகளுக்கிடையிலான சொற்போர் ஒன்றிற்கு எம் மாணவியரை ஆயத்தம் செய்தோம். ‘பெண்கல்விக்குப் பெருந்தடை வறுமையா, வழக்கமா?’ என்பது தலைப்பு. எம் மாணவியர்க்கு வறுமை என்னும் பக்கம் கிடைத்தது. எதிரணியில் பேசவிருந்த மாணவி மிகுந்த ஆற்றலுடையவள். அவளுடைய தாயார் கழனிக் கூலி வேலை செய்பவர் என்றும் பள்ளிக்கே சென்றவர் அல்லர் என்றும் யாம் அறிந்திருந்தோம். அவளை எவ்வாறு மடக்குவது என்று சிந்தித்து, எம் மாணவிக்கு ஒரு வினாவை யாமே எழுதிக் கொடுத்தோம்: ‘உங்கள் தாயார் எதுவரை படித்தார்? அவர் படிக்காததற்குக் காரணம் வழக்கமா, வறுமையா?’

அரங்கில் அவ்வினா கேட்கப்பட்டது. அச்சிறுமி வாய் திறந்தாள், சொல் வரவில்லை. அவள் தாயார் அவையின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார் என்பதை யாம் பின்னரே அறிந்தோம். அவள் தலை குனிந்து மேடையிலிருந்து இறங்கினாள். கைதட்டல் எழுந்தது. வெற்றிக் கோப்பை எம் பள்ளிக்கு வந்தது. அதனைத் தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி அலமாரியில் வைத்தனர்.

பல ஆண்டுகள் கழித்து, ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் யாம் பணியாற்றிய காலத்தில், பயிற்சி பெற வந்தவர்களுள் ஒருவர் எழுத்தில் மிகச் சிறந்தவராகவும், வகுப்பில் வாய் திறவாதவராகவும் இருந்தார். வினா அமைத்தல் பாடத்தில் பத்து வினா எழுதச் சொன்னால் இருபது எழுதுவார். ஒன்றையேனும் எழுந்து கேளார். யாம் அவரை அடையாளம் காணவில்லை. பயிற்சி முடிந்த நாளன்று அவரே வந்து, ‘அம்மா, அந்தக் கேள்வியை அந்தப் பெண் கேட்கவில்லை, நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்கள் என்று அப்போதே தெரியும்’ என்றார். குரலில் சினம் இல்லை. ‘அம்மா வீட்டிற்கு வரும் வழியெல்லாம் பேசவேயில்லை. அதுதான் என்னால் மறக்க முடியவில்லை’ என்றார்.

யாம் அவரிடம் மன்னிப்பு வேண்டினோம். அவர் மன்னித்தார். எனினும் ஒரு தாயின் அன்றைய நடையை எவரால் திருப்பித் தர இயலும்? எறும்பையும் மிதியாது நடக்கப் பயின்ற யாம் ஒரு வினாவால் இருவரை மிதித்தோம். ஆண்டுதோறும் உத்தம க்ஷமை நாளில் எமக்கு முதலில் நினைவிற்கு வருவது இதுவே.

இதிலிருந்து யாம் கற்ற பாடம் இலக்கணப் பாடமும் ஆகும். அவ்வினா கொடியது மட்டுமன்று; வாத முறையிலும் குறைபாடுடையது. ஒரு குடும்பத்தின் நிலை பொதுவுண்மைக்குச் சான்றாகாது. அதே பொருளில் கேட்கத்தக்க வினா வேறு இருந்தது: ‘ஒரே ஊர், ஒரே குலம், ஒரே வழக்கம் உடைய இரு குடும்பங்களில், பொருளுள்ள வீட்டுப் பெண் படிக்கிறாள், பொருளில்லாத வீட்டுப் பெண் படிக்கவில்லை என்றால், தடையாய் நின்றது எது?’ இவ்வினாவில் வழக்கம் இருபுறமும் சமமாக நிற்கிறது. வறுமை மட்டும் வேறுபடுகிறது. விடைகூறுபவர் உண்மையாகவே சிந்திக்க வேண்டிவரும். எவர் தாயாரும் தலைகுனிய வேண்டுவதில்லை. நல்ல வினாவைத் தேட எமக்கு இன்னும் அரைமணி நேரம் போதுமாயிருந்தது. கொடிய வினா எளிதில் கிடைத்ததால் தேடாமல் விட்டோம்.

வினவுவார்க்கும் விடுப்பார்க்கும்

இனிப் பிள்ளைகள் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைத் தொகுத்துரைப்போம்.

வினவுவோர் ஒரு வினாவில் ஒரு பொருளையே கேட்க வேண்டும். இரண்டைச் சேர்த்துக் கேட்டால் எதிராளி எளியதற்கு விடை கூறி அரியதை விட்டுவிடுவார். எதிராளி கூறிய சொல்லை மாற்றாமல் எடுத்தாள வேண்டும். ‘சில’ என்றதைப் ‘பல’ ஆக்குவது பொய்யாகும். வினா சுருங்கியிருக்க வேண்டும். உலகப் பள்ளிகளுக்கிடையிலான சொற்போர்களில் முதன்மை உரை ஒவ்வொன்றும் 8 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் நீங்கலாக இடையில் எதிரணியினர் எழுந்து வினவலாம். அவ்வினா 15 வினாடிக்குள் முடிதல் வேண்டும். உரையாற்றுபவர் ஏற்றால்தான் கேட்கலாம். மறுத்தால் அமர வேண்டும். நம் ஊர்ப் போட்டிகளிலும் இவ்வளவையை வைத்துக்கொள்ளலாம். கடிகாரம் வைத்துப் பழகினால் சொற்பொழிவு தானே வினாவாகச் சுருங்கும்.

விடை வந்தபின் அதனைக் கேட்டு, அதிலிருந்தே அடுத்த வினாவைத் தொடுக்க வேண்டும். நம் நாடாளுமன்ற மக்களவையின் வினா நேரத்தில் நட்சத்திரக் குறியிட்ட வினாவிற்கு அமைச்சர் வாய்மொழியாக விடை கூறுவார். அதன்மேல் துணை வினாக்கள் எழுப்பப்படும். எழுதி வந்த வினாவைவிட விடையைக் கேட்டு எழும் துணை வினாவிலேயே பெரும்பாலும் உண்மை வெளிப்படும். எழுதி வந்த தாளையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

விடை கூறுவோர் வினா முடியும் வரை குறுக்கிடாமல் கேட்க வேண்டும். ஐயமிருப்பின், ‘நீங்கள் கேட்பது இதுதானே?’ என்று உறுதிசெய்து கொள்ளலாம். பின்னர் அவ்வினாவினுள் ஒளிந்திருக்கும் கருத்து எதுவெனப் பார்க்க வேண்டும். ‘பொய் சொல்வதை எப்போது விட்டாய்?’ என்று கேட்டால், ‘நேற்று’ என்றாலும் குற்றம், ‘இன்னும் இல்லை’ என்றாலும் குற்றம். அங்கே வினாவிற்கு விடை கூறாமல், அதனுள் இருக்கும் ‘பொய் சொன்னாய்’ என்பதையே மறுத்துரைக்க வேண்டும். எதிராளி சொன்ன சொல்லுக்கு அவர் கருதாத பொருளை ஏற்றி மடக்குவதைத் தருக்க நூலார் சலம் என்பர். வடமொழியில் ‘நவ’ என்பதற்குப் புதிய என்றும் ஒன்பது என்றும் பொருள் உண்டு. புதிய கம்பளம் உடையான் என்று ஒருவர் கூற, ‘இவனிடம் ஒன்பது கம்பளம் எங்கே? ஒன்றுதானே உள்ளது’ என்பது அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. சிரிப்பை வரவழைக்கும், உண்மையை வரவழைக்காது.

உண்மை காண நிகழ்வது வாதம் என்றும், வெற்றி ஒன்றே கருதியது ஜல்பம் என்றும், தனக்கென ஒரு கொள்கையும் இன்றிப் பிறரைத் தாக்குவது விதண்டை என்றும் நியாய நூலார் மூன்றாகப் பிரித்தனர். விதண்டாவாதம் என்று இன்று வீட்டிலும் வழங்கும் சொல் அங்கிருந்து வந்ததே. பரிசுக் கோப்பை ஜல்பத்திற்கும் கிடைக்கலாம். நம் பிள்ளைகள் வாதத்தையே பயில வேண்டும்.

நம் பிள்ளைகளை நோக்கி வரும் வினாக்கள்

இப்பயிற்சி மேடைக்கு மட்டும் உரியதன்று. வந்தவாசியிலும் திண்டிவனத்திலும் ஆரணியிலும் உள்ள நம் ஊர்களை விட்டுப் பெருநகரங்களுக்குப் படிக்கச் செல்லும் பிள்ளைகளை உடன் பயில்வோர் பலவாறு வினவுகின்றனர். ‘நீங்கள் ஜைனர் என்றால் வடநாட்டிலிருந்து வந்தவர்களா?’ என்பது ஒன்று. இது பெரும்பாலும் அறியா வினா. அதனைப் பழிப்பு வினாவாகக் கொண்டு வெகுண்டு விடுவது நம் பிழை. ‘இல்லை’ என்று முதலில் மறைவிடை கூறுக. பின்னர், ‘எங்கள் தாய்மொழி தமிழ், நீங்கள் படிக்கும் சீவகசிந்தாமணியும் நன்னூலும் சமணர் இயற்றியவை’ என்று உற்றது உரைக்க. இரண்டு வாக்கியங்கள் போதும்.

மற்றொரு வினா சற்று அரியது: ‘அகிம்சை பேசும் நீங்கள் பயிர்த்தொழில் செய்கிறீர்களே, உழும்போது உயிர்கள் இறக்கவில்லையா?’ நம் குடும்பங்களிற் பெரும்பாலானவை உழவுக் குடும்பங்கள். ஆதலின் இவ்வினா நம்மைச் சுடும். இங்கே துணிந்து ‘இறக்கவில்லை’ என்பது பொய். மௌனம் காப்பது கோழைமை. கூறிட்டு மொழிய வேண்டும். நம் சமயம் இம்சையை நான்காகப் பகுக்கிறது: கொல்ல வேண்டும் என்னும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்பி, இல்லறப் பணிகளில் நேரும் ஆரம்பி, தொழிலில் நேரும் உத்யோகி, தற்காப்பில் நேரும் விரோதி. துறவி நான்கனையும் துறக்கிறார். இல்லறத்தான் சங்கல்பியை அறவே விடுத்து, ஏனையவற்றை இயன்ற அளவு குறைக்கிறான். ‘உயிர்கள் இறக்கின்றன என்பது உண்மை, கொல்லும் நோக்கம் இல்லை என்பதும், குறைக்கும் கடமை உண்டு என்பதும் உண்மை’ என்று கூறும் பிள்ளை எதனையும் மறைக்கவில்லை, எதற்கும் நாணவும் வேண்டுவதில்லை. மேலும் வினவினால், ‘இதற்கு மேல் அறியேன்; பெரியோரைக் கேட்டுக் கூறுகிறேன்’ என்க. அந்தப் பிள்ளை அடுத்த விடுமுறையில் ஊருக்கு வந்து நம்மைக் கேட்கும்போது விடை கூற நாமும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இல்லத்தில் செய்யத்தக்க பயிற்சி

ஆசிரியப் பழக்கம் எம்மை விடவில்லை. பயிற்சி தராமல் பாடத்தை முடிக்க இயலவில்லை.

1. வாரம் ஒருநாள் மாலை, பகலுணவு செரித்த வேளையில், ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு அதன்மேல் அறுவகை வினாக்களுள் ஒவ்வொன்றையும் பிள்ளைகள் அமைக்கட்டும்.

2. ஒருவர் கருத்தைக் கூற, மற்றவர் அதனைத் தம் சொற்களால் திருப்பிக் கூறட்டும். முதலாமவர் ‘சரி’ என்ற பின்னரே மறுப்பு வினா கேட்கலாம் என விதி வைக்க.

3. ஒரு வினாவிற்கு முதற் சொல்லாக ‘ஆம்’, ‘இல்லை’, ‘இந்நோக்கில்’, ‘அறியேன்’ என்னும் நான்கனுள் ஒன்றையே கூறிப் பின்னர் விளக்கட்டும்.

4. அரங்கிற்குச் செல்லும் முன், எழுதிய வினாக்களை மீண்டும் ஒருமுறை படித்து, ‘இது கருத்தை நோக்கியதா, ஆளை நோக்கியதா?’ என்று பார்க்கட்டும். ஆளை நோக்கியதை அடித்துவிட்டு வேறு எழுதட்டும்.

நான்காவது பயிற்சியைப் பிள்ளைகளோடு பெரியோரும் செய்க. 1984-இல் அதனை எமக்கு எவரும் கூறவில்லை என்று சொல்லித் தப்ப எமக்கு வழியில்லை. கொல்லாமையும் இன்சொல்லும் யாம் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தவை. கேட்டதை வினாத்தாளில் எழுத மறந்தோம். அடுத்த தலைமுறை மறவாதிருக்கட்டும்.

வாழ்க அறம்.